கில்ற்றுக்குப் பெல்ற் கட்டலாமா?

1

மகளின் கலியாணப் படம் ஒருவழியாகச் சங்கானைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியக்காவின் பதில் நேற்று வந்தது. "பிள்ளை நல்ல வடிவு. மாப்பிள்ளை வெள்ளையெண்டாலும் முகத்தில ஒரு அடக்கம் இருக்கு. அது சரி தம்பி, உனக்குப் பக்கத்தில ஒரு கிழவர் பாவாடை கட்டிக்கொண்டு நிக்கிறாரே, அவர் ஆர்? படம் பாத்த சனமெல்லாம் கேக்குது."

அக்காவுக்கு மட்டும் பதில் எழுதினால், மற்றச் சனத்துக்கு அவர் தன் பாணியில் விளக்கம் சொல்லிவிடுவார். அவருடைய விளக்கங்களைச் சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். கலியாணம் முடிந்து இன்றோடு ஒரு வருடம் என்பதும் ஒரு காரணம்.

அது பாவாடை அல்ல; கில்ற். ஸ்கொட்லாந்து ஆண்கள் நல்ல நாளில் உடுப்பது. எட்டு யார் நீளமான கம்பளித் துணியைப் பின்பக்கம் முழுக்கக் கொசுவம் வைத்து மடித்து, முழங்காலோடு நிற்கும்படி இடுப்பில் கட்டுவார்கள். நம்முடைய வேட்டியைவிட நாலு மடங்கு பாரம். கட்டியிருப்பவர் கிழவரும் அல்ல. அவர் என் சம்பந்தி அங்கஸ். ரயிலில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். அவர் கிழவரென்றால் எனக்கும் அதிக காலம் இல்லை.

சனம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கில்ற்றுக்கு மேலே பெல்ற் கட்டலாமா, கூடாதா? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியில் என் வீட்டுக் கலியாணம் குழம்பப் பார்த்தது.

2

நாங்கள் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தபோது மகள் வதனிக்கு எட்டு வயது. முதலில் பார்க்டேலில் இரண்டு அறை, பிறகு மல்வேர்னில் இந்த வீடு. எனக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. ஒரு கிழமை காலை, ஒரு கிழமை பின்னேரம். அந்த நாட்களில் தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் ஏறின பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்க் கதைப்போம்.

'நாலு பேர் என்ன சொல்லுவினம்' என்பது ஊரில் என் மனைவி மகேஸ்வரி அடிக்கடி சொன்ன வசனம். இங்கே வந்து பத்து வருடம் அதை அவள் சொல்லவேயில்லை. சொல்வதற்கு நாலு பேர் இருக்கவில்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. வீடு எரிந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், உடுத்த துணியோடு வந்து இறங்கினார்கள். எங்கள் நிலவறையில் ஒரு காலத்தில் ஒன்பது பேர் படுத்தார்கள். மகேஸ் எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். அந்த வருடங்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று சொன்னால் பாவம். ஆனாலும் அதுதான் உண்மை. வீடு நிறைய ஆட்களும், கதைக்க ஊர்க்கதையும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன. அவர்களோடு சேர்ந்து அந்த நாலு பேரும் வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வதனி டேவிட்டைப் பற்றிச் சொன்னாள். அவளோடு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் பெடியன். தாய் இல்லை, தகப்பன் அங்கஸ் மட்டும்தான். என் மகளுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம், அழுகை வந்தால் தமிழ். அன்று இரண்டையும் கலந்து பேசினாள். அரிசி களைந்துகொண்டிருந்த மகேஸ், களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவள் முடிவு வந்தது.

"கலியாணத்துக்கு வருவன். பிள்ளையை ஆசீர்வதிப்பன். மணவறையில ஏறி நிண்டு தண்ணி ஊத்துற அலுவலை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ. அது நான் மனசோட குடுக்கிறதெண்டு அர்த்தம். மனசில்லாமல் ஊத்தினால் பொய்."

கன்னிகாதானத்தில் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கைமேல் வைக்க, தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பது உங்களுக்குத் தெரியும். அது நடந்தால்தான் பெண்ணைக் கொடுத்தோம் என்று ஆகும். தாய்க்குப் பதிலாக உறவில் ஒரு சுமங்கலி ஊற்றலாம் என்று ஐயர் சொன்னார். என் தம்பியின் மனைவி ஆயத்தமாக இருந்தாள். வதனி சம்மதிக்கவில்லை.

"அம்மா என்னோட கதைக்காட்டியும் பரவாயில்லை அப்பா. தண்ணியை அவதான் ஊத்தோணும். ஐ டோன்ற் வோண்ட் எனிவன் எல்ஸ்."

இருவருக்கும் நடுவில் நான். தபால் பிரிக்கிற இடத்தில் விலாசம் சரியில்லாத கடிதங்களுக்கென்று ஒரு தனிப்பெட்டி இருக்கிறது. வீட்டில் அந்தப் பெட்டி நான்தான்.

3

கலியாண அனுமதிப் பத்திரம் எடுக்கப் பிள்ளைகளோடு நானும் அங்கஸும் போன கதையைச் சொல்லாமல் விட முடியாது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள் அங்கிருந்த பெண். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் பெயர், தகப்பனுக்கு அவன் தகப்பன் பெயர் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை என் அப்பாவின் பெயரால் 'மிஸ்டர் சின்னத்தம்பி' என்று கூப்பிட்டாள். காலமாகிப் பல வருடமான மனிதருக்காக நான் எழுந்து போய்க் கையெழுத்து வைத்தேன்.

பக்கத்தில் நின்ற அங்கஸ் மட்டும் சிரிக்கவில்லை. தான் பிறந்த தீவிலும் அதே வழக்கம்தான் என்றார். நீலின் மகன் டொனால்ட், டொனால்டின் மகன் அங்கஸ் என்றுதான் ஊரில் கூப்பிடுவார்களாம். அன்றைக்கே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

மண்டபமும் அவர் தயவுதான். அவர் போகிற தேவாலயத்தின் மண்டபத்தைக் கேட்டு வாங்கித் தந்தார். ஓமப் புகைக்குத் தீயெச்சரிக்கை மணி அடிக்காமல் பார்க்கவென்று ஒரு ஆளையும் ஒழுங்குசெய்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தன் தகப்பனின் கில்ற்றைக் கட்டிக்கொண்டு வரலாமா? தாராளமாக என்று சொல்லிவிட்டேன். அதில் அகலமாக ஒரு தோல் பெல்ற்றும் உண்டு என்று டேவிட் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகச் சொன்னான். மகேஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு காலமும் சண்டைக்கு ஒரு பிடி இல்லாமல் இருந்தவளுக்கு அன்று பிடி கிடைத்தது.

"மாட்டுத் தோலை இடுப்பில கட்டிக்கொண்டு என்ர பிள்ளையின்ர மணவறைக்குக் கிட்ட ஒருத்தரும் வரேலாது."

"இஞ்சரும், எங்கட கலியாணத்தில நானும் பெல்ற்தானே கட்டியிருந்தனான்? பட்டு வேட்டிக்குள்ள."

"உள்ளுக்க இருந்தது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். இது ஊருக்கே தெரியுமே."

ஐயரைக் கேட்டோம். கிழமை நாட்களில் தொழிற்சாலையில் தோல் சப்பாத்தோடு நிற்கிற மனிதர் அவர். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "தவிர்த்தால் நல்லது" என்றார். மகேசுக்கு அது போதும்.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். "அந்த மனிசன் பெல்ற் இல்லாமல் வரட்டும், பாப்பம்." அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பெல்ற் கழன்றால் இவள் மனமும் கழன்றுவிடும் என்று நினைத்தேன்.

4

ஒரு மனிதரிடம் இடுப்பில் இருப்பதைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஆங்கிலத்தில். வேலையில் நின்றபடி ஒரு கிழமை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

நம்மிடம் தோல் என்பது ஒரே சொல். மாட்டுத் தோலும் தோல், மனிதத் தோலும் தோல், வாழைப்பழத் தோலும் தோல். இவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல் வைத்திருக்கிறார்கள். 'லெதர்' என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. பனிக்காலத்துக்கு லெதர் கையுறை வைத்திருக்கிறேன். ஆனால் பதற்றத்தில் நாக்கு தமிழிலிருந்து நேரே குதித்துவிட்டது.

"அங்கஸ், ஒரு சின்ன விஷயம். சடங்கில் 'நோ ஸ்கின்', ப்ளீஸ். என் மனைவிக்கு ஸ்கின் பிடிக்காது. ஐயருக்கும்."

"எவ்வளவு ஸ்கின்?" என்று கேட்டார் அவர்.

"கொஞ்சமும் கூடாது."

தன் தகப்பன் முழங்கால் தெரியத்தான் தேவாலயத்துக்குப் போனார், முழங்கால் தெரியத்தான் யுத்தத்துக்கும் போனார் என்று அங்கஸ் மெல்லச் சொன்னார். ஏன் இதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "நல்லது, மிக நல்லது" என்றேன். அவர் மரியாதையாக வணக்கம் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

அரை மணித்தியாலத்தில் வதனி தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, அவருக்கு என்ன சொன்னீங்கள்? தான் மணவறைக்கு வரேல்லையாம். தன்ர முழங்கால் எங்கட சமயத்துக்கு மரியாதைக் குறைவெண்டால், வாசலில நிண்டு பாக்கிறாராம்."

வாசலில் நின்று பார்க்கிறாராம். தன் சொந்த மகனின் கலியாணத்தை, தானே பேசி எடுத்துத் தந்த மண்டபத்தின் வாசலில் நின்று. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மகேசுக்கு விஷயத்தைச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். பல கிழமைகளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆனால் பெல்ற் கூடாது" என்றாள்.

நேரே போய் விளக்குவதே மரியாதை என்று பஸ் ஏறினேன். தனியாக ஒரு சிறு அப்பார்ட்மென்றில் இருந்தார் அங்கஸ். மேசையில், தகரப் பேணியிலேயே பாதி சாப்பிட்ட ஒரு ரின் சூப். எல்லாவற்றையும் சொன்னேன். 'லெதர்' கொஞ்சமும் கூடாது என்று இந்த முறை மூன்று தரம் சொன்னேன். அவருக்கு முகம் தெளிந்தது. கில்ற்றை எடுத்து வந்து கட்டிலில் விரித்தார். பெல்ற்றையும் வைத்தார்.

"பெல்ற் இல்லாமல் இது நிற்குமா?" என்று கேட்டேன். வேட்டி கட்டுகிறவனுக்கு வேறு என்ன கேள்வி வரும்?

பெல்ற் எதையும் தாங்குவதில்லை, அது அழகுக்குத்தான் என்றார். கில்ற்றைத் தாங்குவது பக்கவாட்டில் தைத்திருக்கும் சின்ன வார்கள். பெல்ற் கட்டலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே பிரச்சினையாம். வேஸ்ட்கோட் போட்டால் பெல்ற் கட்டக்கூடாது என்பது ஒரு கட்சி. எப்போதும் கட்டலாம் என்பது மற்றக் கட்சி. அவர் போகிற சங்கத்தில் இதன்மேல் இரண்டு பேர் வருடக்கணக்காகப் பேசாமல் இருக்கிறார்களாம். நம்மூர்க் கோயில் நிர்வாகசபையை நினைத்துக்கொண்டேன்.

"உங்கள் தகப்பன் எந்தக் கட்சி?"

"கட்டக்கூடாது கட்சி. என் மனைவி மார்கரெட் மற்றக் கட்சி. கட்டினால்தான் ஆள் ஆளாக இருக்கும் என்பாள். பின்னால் நின்று அவள்தான் கொளுவிவிடுவாள்."

சொல்லிவிட்டுப் பெல்ற்றைச் சுருட்டினார். வேஸ்ட்கோட் போட்டுக்கொண்டு வருகிறேன், இந்த ஒருமுறை அப்பா வெல்லட்டும் என்றார். இதற்காகவா வந்தோம் என்றிருந்தது எனக்கு. ஆனாலும் வேண்டாம், கட்டிக்கொண்டே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைக்கு அவள் அம்மா தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த நேரம் எனக்கு வேறொன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

5

கலியாணத்தன்று அங்கஸ் வேஸ்ட்கோட்டோடு, பெல்ற் இல்லாமல், சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். அக்கா பார்த்த படம் அப்போது எடுத்ததுதான். நான் மகேசைத் தேடினேன். கடைசி வரிசையில், தன் நாலு பேருக்கு நடுவில் இருந்தாள். கண்ணால் கேட்டேன். அவள் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பெல்ற் போய்விட்டது; அவள் அசையவில்லை. அது பெல்ற்றின் பிரச்சினையே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வதனிக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மணவறையில் இருந்து அவள் பின்வரிசைப் பக்கம் பார்க்கவேயில்லை.

கன்னிகாதானம் தொடங்கியது. மகளின் கையை எடுத்து டேவிட்டின் கைமேல் வைத்தேன். எதிரே அங்கஸ், தேங்காய் பழம் வெற்றிலை வைத்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி. சடங்கு முடியும்வரை அதைக் கீழே வைக்கக்கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். தம்பியின் மனைவி செம்போடு என் பக்கத்தில். ஐயர் மாப்பிள்ளையின் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களைச் சமஸ்கிருதத்தில் இழுத்து இழுத்துச் சொன்னார். டொனால்டும் நீலும் சிவகோத்திரத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது அங்கஸின் முழங்காலைக் கண்டேன். கண்டேன் என்றால், காணவில்லை. கொஞ்சம் முன்பு தெரிந்த முழங்காலை இப்போது கில்ற்றின் கரை மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே இன்னும் ஒரு விரல் இறங்கியது.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. இடுப்பைப் பிடிக்கும் அந்தச் சின்ன வார்களும் தோல்தான். ஒரு துண்டுத் தோலும் இருக்கக்கூடாது என்று நான் மூன்று தரம் சொன்னேன் அல்லவா? மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வார்களைத் தானே வெட்டி எடுத்துவிட்டு, நாடா வைத்துத் தைத்திருக்கிறார். கம்பளியின் பாரத்துக்கு நாடா எம்மாத்திரம்? தையல் விட்டுக்கொண்டிருந்தது.

அங்கஸுக்கும் தெரிந்துவிட்டது. முழங்கையை இடுப்போடு இறுக்கினார். முகம் செம்பரத்தம்பூவாகச் சிவந்தது. தாம்பாளத்தை மட்டும் கீழே வைக்கவில்லை. என் கை மகளின் கையில், எடுக்க முடியாது. டேவிட்டின் கை அதற்குக் கீழே. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு பூட்டனில் நின்றார். சபையில் சிரிப்பு தொடங்கியது. மகேசின் நாலு பேரும் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. மகேஸ் எழும்பி வந்தாள். கூட்டத்துக்கு நடுவால், யாரையும் பார்க்காமல், சமையலறையில் பால் பொங்கி வழிகிறபோது வருகிற வேகத்தில் வந்து மணவறையில் ஏறினாள். என் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை ஒரே இழுப்பில் உருவினாள்.

"அண்ணை, கையை எடுக்காதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ."

அங்கஸுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனாலும் அப்படியே நின்றார். அவள் பின்பக்கம் போய், கில்ற்றை உயர்த்திப் பிடித்து, சால்வையை அவருடைய இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பொங்கல் பானைக்கு இஞ்சி மஞ்சள் கட்டுகிறவள் போல இறுக்கி முடிச்சுப் போட்டாள். கோயிலுக்குள் போகிற நம்முடைய ஆண்பிள்ளைகளுக்கும் சால்வை இடுப்பில்தானே இருக்கும்? அதையே கட்டிக்கொண்டு வந்த மனிதர்போல இருந்தார். அவர் கண்ணை மூடியிருந்தார். பின்னால் நின்று கொளுவிவிட அவருக்கு ஒருத்தி இருந்தாள் என்பது அந்த மண்டபத்தில் எனக்கும் டேவிட்டுக்கும்தான் தெரியும்.

முடிச்சுப் போட்டுவிட்டு மகேஸ் இறங்கப் போனாள். ஐயர் கண்ணைத் திறந்தார்.

"அம்மா, வந்தனீங்கள் நில்லுங்கோ. தாயார்தானே? செம்பை வாங்குங்கோ."

அவருக்கு விஷயம் தெரிந்துதான் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. தம்பியின் மனைவி செம்பை நீட்டினாள். மகேஸ் அதைப் பார்த்தாள். பிறகு வதனியைப் பார்த்தாள். வதனியின் உதடு அசைந்தது. "அம்மா" என்று ஒரு சொல், அதுவும் தமிழில் சொன்னதுபோல் இருந்தது. சத்தம் வரவில்லை.

மகேஸ் செம்பை வாங்கி ஊற்றினாள். தண்ணீர் என் கையில் விழுந்து, மகளின் கையில் இறங்கி, டேவிட்டின் கை வழியாகத் தட்டத்தில் ஓடியது. "காணும் அம்மா" என்றார் ஐயர். அவள் நிற்பாட்டவில்லை. "காணும் அம்மா, போதும்." செம்பு வெறுமையாகும்வரை ஊற்றினாள். நான் சபைக்கு நடுவில் அழுதேன். நாலு பேர் என்ன, நானூறு பேர் பார்த்தாலும் அழுதிருப்பேன்.

6

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். மகேஸ் கொண்டையிலிருந்த பூவைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நாரி நோவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வதனியைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, அந்த மனிசனுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. மனிசி போய் மூண்டு வருசமாகுது."

"அதுதானே பாத்தன்." கையில் இன்னும் அளவு இருப்பதுபோல் விரலை விரித்துக் காட்டினாள். "கட்டேக்கை கொசுவம் இவ்வளவு மிஞ்சிக்கொண்டு வருது. நீங்கள் எல்லாரும் பெல்ற், நாடா எண்டு கதைக்கிறியள். அது பெல்ற் இல்லாததால விழேல்லை. அந்தாள் சாப்பிடுறேல்லை."